புதன் நின்ற இடம்

பனவடலிசத்திரத்துக்குக் கிழக்கே, உழுது போட்டிருந்த கரிசல் காட்டில் என் கணவர் என் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். புரட்டாசி பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. செருப்புக்கு அடியில் மண்கட்டிகள் உருண்டன. பக்கத்துப் புஞ்சையில் யாரோ தண்ணீர் பாய்ச்சியிருக்க வேண்டும்; நனைந்த மண்ணின் மணம் கனமாக வந்தது.

எனக்கு எதுவும் தெரியவில்லை. இருட்டில் என் கண்கள் வேலை செய்வதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன. "இங்கன பள்ளம்" என்று அவர் சொன்னால் காலை எட்டி வைப்பேன். "முள்ளு" என்றால் நிற்பேன்.

"தூரத்துல காத்தாடி பூரா செவப்பு லைட்டு எரியுது" என்றார். காற்றாலைகளைச் சொன்னார். "இதுல எதுட்டி ஒன் புதன்?"

"எதுவும் இல்ல. அது இன்னும் வரல" என்றேன்.

புதன் கிரகத்தைப் பார்க்கத்தான் போயிருந்தோம். அதற்கு முன் எங்கள் வீட்டு மாடியிலிருந்து முயன்று தோற்றிருந்தோம். இந்தத் தடவையும் தவறினால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் என் கண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. வழி நெடுக இருவரும் அதைப் பேசவில்லை.

ஓரத்திலிருந்து

சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில், நில அளவைப் பிரிவில் நான் வரைவாளராகச் சேர்ந்ததை இந்தத் தொடரில் சென்ற வாரங்களில் சொல்லிவந்தேன். வயல்களின் எல்லைகளை அளந்து வந்து குறிப்பாகக் கொடுப்பார்கள். அதைப் படமாகத் தாளில் வரைவது என் வேலை. கோடுகளோடும் கோணங்களோடும் பாதி ஆயுள் போயிற்று.

என் கணவர் மாடசாமி கழுகுமலை சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கரிவலம்வந்தநல்லூர், ராயகிரி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களைக் கொண்டுவந்து போடுவார்கள். ஒரே மகள் திவ்யா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். அவள் போன பிறகு எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. சண்டையும் குறைவு.

சிறு வயதிலேயே நான் அந்தியில் தடுமாறுவேன். மாலைக்கண் என்று சொல்லி முருங்கைக் கீரையும் ஈரலும் ஊட்டினார்கள். கண்ணுக்கு நேரே இருப்பது எப்போதும் தெளிவாகத் தெரிந்ததால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அலுவலகத்தில்தான் அது வெளியே வந்தது. மேசையின் இடது ஓரத்தில் டீ வைத்தால் தட்டிவிடுவேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு விவசாயி நான் வரைந்த படத்தின் நகலோடு வந்து நின்றார்.

"எங்க வடமேக்கு மூலைக் கல்லு படத்துல இல்லையேம்மா" என்றார்.

அளவுக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கல் இருந்தது. தாளின் ஓரத்தில் இருந்தது. என் கண் அங்கே போகவே இல்லை.

திருநெல்வேலியில் ஒரு கண் மருத்துவமனையில், பெரிய கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே சிறு வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நான் அழுத்தாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். கருவிதான் பழுதாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

முடிவில் ஒரு படம் வந்தது. வட்டம் முழுக்கக் கறுப்பு. நடுவில் சிறிதாக ஒரு வெள்ளை. விழித்திரை ஓரத்திலிருந்து உதிர்ந்துகொண்டே வருகிறது, பிறவியில் வந்த கோளாறு, இதற்கு மருந்து இல்லை என்றார் டாக்டரம்மா.

"நடுவுல இருக்கது நிக்குமா?" என்று கேட்டேன்.

"ரொம்ப நாள் நிக்கலாம். ஆனா அதுவும் போகும்மா. எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

உண்மையைச் சொன்னதற்காக அந்த அம்மாளை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். என் கணவரால் அவரை மன்னிக்க முடியவில்லை. பேருந்து நிலையத்தில் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "வேற டாக்டரப் பாப்போம்" என்றார்.

பார்த்தோம். மதுரைக்குப் போனோம். கேரளத்தில் கண்ணுக்கு எண்ணெய் விடுகிறவரிடம் போனோம். எங்கள் ஊர்க் கோமதி அம்மனுக்கு அவர் வெள்ளியில் கண்மலர் சாத்தினார். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து என் இமையில் தடவினார். நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. காயிலுக்குப் பூசும் வார்னிஷ் மணக்கும் அந்த விரல்கள் என் இமை மேல் பதியும்போது என்ன சொல்ல முடியும்.

எங்கே பார்ப்பது

வானத்தின் மேல் எனக்கு ஆசை வந்தது பார்வை குறுகிய பிறகுதான். ஓர் அந்தியில் மாடியில் துணி எடுக்கப் போனபோது தற்செயலாக வெள்ளி கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. அவ்வளவு கூர்மையாக ஒரு பொருளை நான் பார்த்துப் பல நாட்கள் ஆகியிருந்தன. கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி நிமிர்ந்தேன். அது இல்லை. அங்கேதான் இருந்திருக்கும். என்னால் தேடிப் பிடிக்க முடியவில்லை.

மற்றவர்கள் தலையைத் தூக்கினால் பாதி வானம் தெரியும். கையை நீட்டி ஒரு தம்ளரைப் பிடித்தால் அதன் வாய் எவ்வளவு மறைக்குமோ, அவ்வளவுதான் எனக்கு வானம்.

அன்று துணியை மடிக்கும்போது யோசித்தேன். நிலத்தில் ஒரு கல்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், தெரிந்த ஓர் இடத்திலிருந்து எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கேட்போம். வானத்தில் ஒன்றைக் காணத் தூரம் தேவையில்லை. வடக்கிலிருந்து எவ்வளவு பாகை திரும்ப வேண்டும், தொடுவானத்திலிருந்து எவ்வளவு பாகை நிமிர வேண்டும் என்ற இரண்டு எண் போதும். அந்த இரண்டும் முன்கூட்டியே கையில் இருந்தால் நான் தேட வேண்டியதே இல்லை.

ஒவ்வொரு நாளும் கோள்கள் விண்மீன்களுக்கு நடுவே எங்கே நிற்கின்றன என்பது இணையத்தில் கிடைக்கும். அது உலகத்துக்கெல்லாம் பொதுவான கணக்கு. நம் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, நாம் பார்க்கப்போகும் நேரம் மூன்றையும் அதில் சேர்த்தால்தான் நம் வீட்டு மாடிக்கான எண் வரும். சைன், கொசைன் தெரிந்து கால்குலேட்டரும் இருந்தால் போட்டுவிடலாம். எனக்கு அவை இரண்டும் அன்றாடச் சாமான்கள்.

செயலி இருக்கிறதே என்று கேட்பீர்கள். திவ்யா கைபேசியில் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வானத்துக்கு நேரே நீட்டினால் பெயர் காட்டும். ஆனால் திரையின் வெளிச்சம் பட்டதும் என் கண் நெடுநேரம் கறுத்துப்போகும். தெளிந்து நிமிர்வதற்குள் இடம் தவறிவிடும். எனக்குப் பகலிலேயே போட்டு முடித்த கணக்கு வேண்டும்.

அப்படித்தான் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸ் குறிகள் போட்டு வெள்ளியைப் பார்த்தேன். வியாழன், செவ்வாய், சனி ஒவ்வொன்றாக அகப்பட்டன. அவை இருட்டிய பிறகும் நெடுநேரம் நிற்பவை; குறி கொஞ்சம் தப்பினாலும் சுற்றிலும் துழாவிப் பிடிக்க நேரம் இருந்தது. புதன் மட்டும் வரவில்லை. அது சூரியனை விட்டு அதிகம் விலகாது. வருடத்தில் சில தடவை, சில நாட்கள், சூரியன் மறைந்த பிறகோ உதிக்கும் முன்போ கொஞ்ச நேரம் தலைகாட்டும். மற்ற நாட்களில் சூரிய வெளிச்சத்துக்குள் கிடக்கும்.

என் பக்கத்து மேசை எஸ்தர் அக்காவிடம் இதைச் சொன்னேன். "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதும்பாவல்லா. அது கெழமையச் சொல்லலை போலட்டி" என்றார். பொன் என்று வியாழனுக்கும் ஒரு பெயர் உண்டு. பொன் எனக்குக் கிடைத்துவிட்டது.

என்ன அவசரம்

சாக்பீஸ் குறி புதனுக்குப் போதாது. ஒரு தாங்கி வேண்டும். அதன் மேல் சுழலும் குழாய், பக்கவாட்டில் திரும்ப ஒரு பாகை வட்டம், மேலும் கீழும் சாய ஒரு கோணமானி. இந்த ஊரில் எனக்கு அதைச் செய்து தரக்கூடியவர் ஒருவர்தான்.

கடைக்குப் போனேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அடுப்பில் வார்னிஷ் காய்கிற நெடி. சொன்னேன். கை நிற்காமல் கேட்டுக்கொண்டார்.

"அடுத்த வருசமும் புதன் வரும்லா?"

"வரும்."

"பொறவு என்ன அவசரம்? கண்ணு செரியாவட்டும். நிதானமாப் பாக்கலாம்."

"செரியாவாதுங்க" என்றேன்.

கை நின்றது. கொஞ்ச நேரம் கையிலிருந்த காயிலையே பார்த்தார். பிறகு சுற்றியதை எல்லாம் அவிழ்க்கத் தொடங்கினார். எத்தனை சுற்று போட்டோம் என்பதை விட்டுவிட்டார் போல.

"ஆவும்னு நான் நெனச்சிட்டு இருக்கேன். நீ ஏன் இப்பிடிப் பேசுத?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு வீடு வந்து சேர்வது எளிதாக இருந்திருக்கும்.

சுவரோரமாக நடந்து வரும்போதுதான் புரிந்தது. அந்தத் தாங்கியைச் செய்துவிட்டால், நேரம் குறைவு என்று அவரும் ஒப்புக்கொண்டதாகிவிடும். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

தபசுக் கூட்டத்தில்

அம்மன் கோயிலில் ஆடித் தபசுத் திருவிழா வந்தது. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அன்று வீட்டில் இருக்க முடியாது. சுற்றுப்பட்டு கிராமமெல்லாம் தெருவில் நிற்கும். விவசாயிகள் தங்கள் வயலில் விளைந்த பருத்தியையும் வற்றலையும் அம்மன் சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். அந்தியில் சுவாமி அம்மனுக்குக் காட்சி கொடுக்கும் நேரத்தில் கூட்டம் ஒரே வீச்சில் முன்னால் நகரும்.

அந்த நகர்வில் என் கணவரின் கை என் கையிலிருந்து போய்விட்டது.

கண்ணுக்கு நேரே ஒரு குழல் விளக்கு மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி ஒன்றுமில்லை. தோள்கள் வந்து இடித்தன. பருத்தி ஒன்று முகத்தில் பட்டு விழுந்தது. கையைத் துழாவி ஒரு பந்தல் கால் அகப்பட்டதும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கூப்பிட்டுப் பயனில்லை, கொட்டுச் சத்தம் அப்படி. அசையாமல் நின்றால் அவர் வந்துவிடுவார் என்று மட்டும் இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. காதருகே மூச்சு வந்தது.

"நான் இங்கனதாம்ட்டி நிக்கேன்" என்றார்.

அவர் முன்பே வந்துவிட்டாராம். என் இடப்பக்கம் ஒரு முழத் தூரத்தில் நின்று கையை ஆட்டியிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நான் குழல் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மறுநாள் திவ்யாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது சமையலறையில் கேட்டது. பாதியில் குரல் நின்றுபோய், "அப்பா பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், டி.வி.எஸ். வண்டியின் பின்னால் கயிறு போட்டுக் கட்டி, தாங்கியைக் கொண்டுவந்து மாடியில் இறக்கினார். இரும்புக் கோணச்சட்டத்தில் மூன்று கால். மேலே முழ நீளத்துக்கு வெள்ளைக் குழாய், உள்ளே கறுப்பு அடித்திருந்தார். பாகை வட்டத்தை மோட்டார் மூடித் தகட்டில் கோடு கீறிச் செய்திருந்தார்.

"வட்டத்துல கோடு சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்றார்.

இரும்பும் இருபது நிமிடமும்

முதல் மாலை. ஊருக்கு மேற்கே தெரியும் மலைக்குப் பின்னால் சூரியன் போன பிறகு, திசைகாட்டியைத் தாங்கியின் மேல் வைத்து வடக்கு பிடித்து, என் எண்களின்படி குழாயைத் திருப்பி, கண்ணை வைத்தேன். வெறும் ஆரஞ்சு வானம். கண் வலிக்கும்வரை பார்த்தேன். வானம் கறுத்தது. ஒன்றும் வரவில்லை.

"மங்கலா இருக்குமோ?" என்று கேட்டார். என் கண்ணைப் பற்றிக் கேட்பதைத் தவிர்த்தார்.

"கணக்குல தப்பு இருக்கு" என்றேன். உண்மையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்தான் என்று பயந்தேன்.

மறுநாள் சாய்ந்த வெயிலில் ஒரு சோதனை செய்தோம். சூரியனுக்கும் அதே முறையில் கணக்குப் போட்டு அதன் இடத்துக்குக் குழாயைத் திருப்பினேன். கணக்கு சரியென்றால் குழாய் வழியாக வெயில் நேரே இறங்கி, கீழ் முனையில் நீட்டிய உள்ளங்கையில் ஒரு வெளிச்ச வட்டம் விழ வேண்டும். விழவில்லை. குழாயின் நிழல் ஒரு பக்கமாகவும் நீளமாகவும் சாய்ந்து கிடந்தது. பக்கவாட்டிலும் தப்பு, மேல் கீழாகவும் தப்பு.

பக்கவாட்டுத் தப்பை அவர்தான் பிடித்தார். திசைகாட்டியைக் கையில் எடுத்துத் தாங்கியை விட்டு விலகி நடந்தார். முள் திரும்பியது.

"இரும்பு மேலயே வச்சு முள்ளப் பாத்தா எப்படி?" என்றார். "இழுக்கத்தான செய்யும்."

இரும்பு பக்கத்தில் திசைகாட்டியை வைக்காதே என்பது எங்கள் பயிற்சியில் முதல் வாரப் பாடம். பார்க்கும் ஆசையில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

மேல் கீழ்த் தப்பை நான் அன்று மாலை முழுவதும் தேடினேன். கணக்கை மூன்றாம் முறை போடும்போது அகப்பட்டது. நம் கடிகாரத்தின் நேரம் நாடு முழுவதற்கும் பொதுவானது. அது நமக்குக் கிழக்கே வெகுதூரத்தில் உள்ள ஒரு ரேகையை வைத்து ஓடுகிறது. சங்கரன்கோவிலின் வானம் அந்தக் கடிகாரத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் பின்னால் வருகிறது. நான் கடிகார நேரத்தை அப்படியே போட்டிருந்தேன்.

இருபது நிமிடம் என்றால் வானத்தில் ஐந்து பாகை. நீட்டிய கையின் மூன்று விரல் அகலம். மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கண் தானாகக் கண்டுகொள்ளும். நான் குழாய்க்குள் வெற்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நேரமும் புதன் அதற்குச் சற்று மேலே, குழாய்க்கு வெளியே நின்றிருக்கிறது.

அடுத்த நாள் சூரியனின் வட்டம் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சூடாக இருந்தது. அவரும் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார்.

ஆனால் அதற்குள் மேற்கே சாரல் மேகம் ஏறிவிட்டது. தினமும் மாடிக்குப் போவோம். மலை முகடே தெரியாமல் மூடிக் கிடக்கும். சில மாலைகளில் ஒரு கிழிசல் விழும், நாங்கள் குழாயைத் திருப்புவதற்குள் அடைத்துக்கொள்ளும். ஒருநாள் கணக்கைப் பார்த்துவிட்டு, "இனி இல்ல. சூரியனுக்குள்ள போயிட்டு" என்றேன்.

"எப்ப வெளிய வரும்?"

"ஒரு மாசம் கழிச்சு. காலையில, கெழக்க."

கிழக்கே மலை இல்லை. வெறும் கரிசல் வெளி. அவர் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "பனவடலியில பரமசிவத்துக்கு ஒரு புஞ்சை கெடக்கு" என்றார்.

கிழக்கே

பரமசிவம் என் கணவரின் கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர். முந்தின நாள் மாலையே அவர் புஞ்சைக்குப் போய், மறையும் சூரியனின் திசையைக் கணக்கிட்டு, முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டித் திசை குறித்து, தாங்கியையும் அங்கேயே நிறுத்திவிட்டு வந்திருந்தோம். திசைகாட்டியை நம்பவில்லை. எங்களைப் பார்த்து அவர், "போர் போட இடம் பாக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்ல, வீட்டுல உள்ளவ வானத்த அளக்கா" என்றார் என் கணவர். முதல் தடவையாக அதை வெளியாளிடம் சொன்னார்.

தொடக்கத்தில் சொன்ன அந்த விடியலில், கயிற்றருகே கொண்டுபோய் என்னை ஒரு மண்மேட்டில் உட்கார வைத்தார். டார்ச் வெளிச்சம் என் கண்ணில் படாமல் முதுகைத் திருப்பிக்கொண்டு, நான் சொன்ன எண்களுக்குக் குழாயைத் திருப்பினார். எங்கோ மயில் அகவியது. கிழக்கில் சாம்பல் நிறம் வந்தது எனக்கும் தெரிந்தது.

கண்ணை வைத்தேன். ஒன்றுமில்லை.

"கொஞ்சம் மேல தூக்குங்க. அது ஏறிட்டே இருக்கும்." அவர் தூக்கினார். நான் அடுத்த எண்ணைச் சொன்னேன். மறுபடி தூக்கினார்.

வந்தது.

மஞ்சள் கலந்த ஒரு வெள்ளைப் புள்ளி, லேசாக நடுங்கிக்கொண்டு, குழாயின் நடுவில். நான் உடனே நம்பவில்லை. இந்த நோயில் கண்ணுக்குள் பொய் வெளிச்சங்கள் பூக்கும், பழகியவை. கண்ணை மூடினேன். போய்விட்டது. திறந்தேன். அதே இடம். குழாயை மயிரிழை அசைத்தேன். புள்ளி ஓரத்துக்குப் போனது. திருப்பி வைத்தேன். நடுவுக்கு வந்தது. என் கண்ணுக்குள் இருப்பது குழாயோடு நகராது.

"தெரியுது" என்றேன்.

அவர் கிழக்கே தேடிக்கொண்டிருந்தார் என்பது மூச்சில் தெரிந்தது. "எங்கனட்டி? எனக்குத் தெரியலையே" என்றார். எழுந்து இடம் விட்டேன். குழாயில் கண்ணை வைத்தார்.

"இம்புட்டுத்தானா" என்றார்.

"அம்புட்டுத்தான்."

அவர் கண்ணை எடுக்கவில்லை. புதன் குழாயை விட்டு நகர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து விலகினார். நான் மறுபடி கண்ணை வைத்தபோது குழாயின் விளிம்பு ஈரமாக இருந்தது. பனி என்று வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் சத்திரத்தில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். புதிய வைத்தியர் யாரைப் பற்றியும் அவர் பேசவில்லை. பிறகும் பேசியதில்லை. அம்மன் கோயிலுக்கு மட்டும் இன்றும் போகிறார். என்ன வேண்டிக்கொள்கிறார் என்று நான் கேட்பதில்லை.

மிச்சம்

அதன் பிறகும் சில வருடங்கள் நடுப்பார்வை நின்றது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். புதனைப் பல தடவை பார்த்துவிட்டோம். வானம் தெளிவாக இருந்த மாலைகளில் மாடியிலிருந்தே அகப்பட்டது. கால்குலேட்டரின் எண்கள் கலங்கத் தொடங்கியபோது, திவ்யா பேசும் கால்குலேட்டர் வாங்கி அனுப்பினாள். கைபேசி கோள்களின் நிலையைப் படித்துச் சொல்லும். கணக்குக் காதுக்கு மாறியது.

கண்ணின் நடு, ஒரு நாளில் போய்விடவில்லை. பால் தெளித்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மாலையும் குழாயைத் திருப்பி வைத்துவிட்டு அவர் "தெரியுதா?" என்பார். "லேசா" என்பேன். அது கொஞ்ச காலம் உண்மையாகவும் இருந்தது.

போன கோடையில் ஒரு மாலை. பகலெல்லாம் காய்ந்த தளம் பாதத்தில் சுட்டது. கீழே தெருவில் பூக்காரர் குரல் போய்க்கொண்டிருந்தது. எண்களைச் சொன்னேன். அவர் குழாயைத் திருப்பி, தான் ஒரு தடவை பார்த்துச் சரிசெய்துவிட்டு, என் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"தெரியுதா?"

நேரம் எடுத்துக்கொண்டேன். கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தேன்.

"தெரியலைங்க" என்றேன்.

தோளிலிருந்த கை அப்படியே இருந்தது. அவர் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று எதிர்பார்த்தேன். சமாளித்திருந்தால் நானும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"வானம் சுத்தமாத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "அது நீ சொன்ன இடத்துலதான் நிக்கி."

தோளைப் பிடித்து என்னை மெல்ல நிமிர்த்தினார்.

"தள்ளிக்கோ. நான் சொல்லுதேன்" என்றார்.

நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவர் குனியும்போது தாங்கியில் சட்டை உரசும் சத்தம் கேட்டது. அவர் அதிகம் பேசத் தெரியாதவர். ஆனாலும் சொன்னார்.

"சின்னதா இருக்கு. செம்புக் கம்பி நுனி சூடேறி நிக்கும்லா, அந்தக் கலருல. சுத்தி ஆகாசம் ஊதாவா இருக்கு. கீழ மலை கறுப்பா இருக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப எறங்குது. மலைக்கு மேல ரெண்டு வெரக்கடை இருக்கும். செவப்பாயிட்டு வருது." மறுபடி நிறுத்தினார். குழாய் கீழே சாயும்போது கிறீச்சிடுவது கேட்டது. "மலைய ஒட்டிட்டு. இன்னும் இருக்கு. இருக்கு."

பிறகு, "போயிட்டு" என்றார்.

பக்கத்தில் வைத்திருந்த கைபேசியில் நேரம் கேட்டேன். மலைக்குப் பின்னால் மறையும் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே மறைந்திருந்தது. மலையின் உயரத்தை இத்தனை காலமும் நான் குறைத்துப் போட்டு வந்திருக்கிறேன். மறைகிற கணம்வரை கண்ணில் நிறுத்திப் பார்க்க என்னால் எப்போதும் முடிந்ததில்லை, அதனால் தெரியவில்லை.

"கணக்குல ஒரு தப்பு இருக்கு" என்றேன்.

"என்ன தப்பு?"

"மலை நான் நெனச்சதவிட ஒசரம். நாளைக்கும் அது மறையுற நேரத்தச் சொல்லுதியளா? திருத்திக்கிடுதேன்."

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சொல்லுதேன்" என்றார்.